பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்!

"மூன்று வயதுக் குழந்தைக்குச் சிங்கப்பூர் எதற்கு?"

இந்தக் கேள்வியை என்னிடம் ஒன்பது பேர் கேட்டார்கள். எண்ணி வைத்திருக்கிறேன்.

முதலில் கேட்டவர் என் அம்மா. அடுத்தவர் என் மாமியார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர், அலுவலக நண்பர்கள், விமான டிக்கெட்டு எடுத்துக் கொடுத்த ஏஜெண்டு என்று வரிசையாகக் கேட்டார்கள். கடைசியாகக் கேட்டவர், பாப்பாவுக்கு முடி வெட்டிய சலூன்காரர்!

"குழந்தையை எங்கிட்டே விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் நிம்மதியாப் போயிட்டு வாங்க. அதுக்கு என்ன தெரியப் போவுது? யானை பார்க்கணும்னா ஸ்ரீரங்கத்துலே இருக்கு. நான் காட்டறேன்" என்றார் அம்மா.

மாமியாரும் அதையேதான் சொன்னார். "மாப்பிள்ளை, பச்சப் புள்ளையைக் கடல் தாண்டிக் கொண்டுபோய் அலைக்கழிக்கணுமா?" என்றார்.

அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்களுக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். என் மனைவி அதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. இரண்டு வருடமாகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். புது ஊர், புது சாப்பாடு. இதில் கைக்குழந்தை போல ஒன்றைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா?

நானும் யோசித்தேன். "விட்டுவிட்டுப் போகலாமா?" என்று மனைவியிடமும் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. அவள் முகம்தான் பதில் சொன்னது.

அப்போதுதான் என் அப்பா வாயைத் திறந்தார். அவர் அதிகம் பேசமாட்டார். அன்று பேசினார்.

"புள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போடா. இந்த வீட்டிலேருந்து ஒருத்தர் புள்ளையை விட்டுட்டுச் சிங்கப்பூர் போனது போதும்" என்றார்.

வீடு அமைதியாகிவிட்டது.

கப்பலில் போன தாத்தா

அப்பா சொன்னது என் தாத்தாவைப் பற்றி.

எங்களுக்குப் பூர்வீகம் மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். தாத்தா சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அந்தக் காலத்தில் 'ரஜூலா' என்று ஒரு கப்பல் இருந்தது. 1926-ல் கட்டப்பட்ட கப்பல். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு, பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குப் போகும். போய்ச் சேர ஒரு வாரம் ஆகும். பெரும்பாலானவர்களுக்கு அறை கிடையாது. தளத்தில் பாயை விரித்துப் படுக்க வேண்டியதுதான். தஞ்சை, இராமநாதபுரம் பக்கத்துக் குடும்பங்களில் இந்தக் கப்பலின் பெயரைக் கேட்டால் இன்றும் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

1955-ம் ஆண்டு தாத்தா அந்தக் கப்பலில் ஏறினார். பாட்டி அப்போது நிறைமாதம். இரண்டு வாரம் கழித்து அப்பா பிறந்தார்.

தாத்தா திரும்பி வந்தது 1962-ல். அப்பாவுக்கு வயது ஏழு.

வாசலில் வண்டி வந்து நின்றதாம். இரும்புப் பெட்டியோடு ஒருவர் இறங்கினாராம். அப்பா உள்ளே ஓடிப் பாட்டியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்றாராம்.

பாட்டி அழுதுவிட்டார். வந்தவரும் அழுதுவிட்டார்.

பெட்டியைத் திறந்தால் கோடாலித் தைலம், டார்ச் விளக்கு, சட்டைத் துணி, ஒரு ரப்பர் பந்து. பந்து அப்பாவுக்காக வந்தது. அப்பா அதைத் தொடவில்லை. தெரியாதவர்களிடம் எதுவும் வாங்கக் கூடாது என்று பாட்டி சொல்லி வளர்த்திருந்தார்!

தாத்தா மூன்று மாதம் இருந்தார். "அப்பா" என்று வாய் நிறையக் கூப்பிடப் பழகுவதற்கு அந்த மூன்று மாதமும் சரியாகப் போயிற்று. அப்பா கூப்பிட ஆரம்பித்தபோது தாத்தா மறுபடியும் கப்பல் ஏறிவிட்டார்.

1974-ல்தான் அவர் நிரந்தரமாக ஊர் திரும்பினார். ஓய்ந்துபோன 'ரஜூலா'வுக்குப் பதில் 'சிதம்பரம்' என்ற கப்பல் வந்துவிட்ட சமயம் அது. அப்பாவுக்கு அப்போது மீசை முளைத்திருந்தது.

அவரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. அவர் அனுப்பிய பணத்தில்தான் வீடு கட்டினோம். அப்பா படித்தார். நானும் கல்லூரிக்குப் போனேன். வயிற்றுக்காகப் பிரிந்தார். அன்றைக்கு வேறு வழி இல்லை.

ஆனால் நாங்கள் பிழைக்கப் போகவில்லையே! விடுமுறைக்குப் போகிறோம். ஐந்து நாளில் திரும்பிவிடுவோம். ஏழு வருடமும் ஐந்து நாளும் ஒன்றாகிவிடுமா? ஆகாதுதான். அப்பாவுக்கும் அது தெரியும். இருந்தாலும் அவர் சொன்னதை நான் தட்டவில்லை.

2024-ம் ஆண்டு ஜூலை மாதம், திருச்சியிலிருந்து மூன்று பேருமாகக் கிளம்பினோம்.

கிளம்பும் முன்பு

குழந்தையோடு முதல் தடவை வெளிநாடு போகிறவர்களுக்கு உதவும் என்று சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

கைக்குழந்தையானாலும் அதற்குத் தனிப் பாஸ்போர்ட்டு வேண்டும். தாயின் பாஸ்போர்ட்டில் சேர்த்துக்கொள்ள முடியாது. குழந்தையின் பாஸ்போர்ட்டு பொதுவாக ஐந்து ஆண்டு செல்லும். தாய், தகப்பன் இருவரும் சம்மதக் கையெழுத்துப் போடவேண்டும். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட்டு காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும்.

சிங்கப்பூருக்கு இந்தியர்கள் விசா வாங்க வேண்டும். குழந்தைக்கும் தனி விசா. இதைத் தவிர, போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் வருகைப் படிவம் ஒன்றை இணையத்தில் நிரப்ப வேண்டும். இது இலவசம். யாராவது காசு கேட்டால் ஏமாந்துவிடாதீர்கள்.

இரண்டு வயது முடியாத குழந்தை தாயின் மடியில் உட்கார்ந்து போகலாம். அதற்குச் சிறு கட்டணம்தான். இரண்டு வயது முடிந்துவிட்டால் தனி இருக்கை, தனி டிக்கெட்டு. ஏறக்குறையப் பெரியவர்களுக்கு ஆகும் பணமே ஆகிவிடும். அதனால் சிலர், "இரண்டு வயதுக்குள் ஒரு தடவை போய்வந்துவிடலாமே" என்று கணக்குப் போடுகிறார்கள். அது தப்புக் கணக்கு இல்லை. ஆனால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

விமானத்தில் கைப்பையில் தண்ணீர் போன்றவற்றை 100 மில்லிக்கு மேல் கொண்டுபோக விடமாட்டார்கள். குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் விலக்கு உண்டு. சோதனை செய்யும் இடத்தில் எடுத்துக் காட்டினால் போதும். காய்ச்சல் மருந்து, வாந்தி மருந்து ஆகியவற்றை டாக்டர் சீட்டோடு கைப்பையிலேயே வையுங்கள். பெரிய பெட்டி வேறு எங்கோ போய்விட்டால் திண்டாட வேண்டியதில்லை.

பயண இன்ஷூரன்சு எடுக்க மறக்காதீர்கள். அங்கே ஆஸ்பத்திரிச் செலவு அதிகம்.

சிங்கப்பூரில் சூயிங்கம் கூடாது. 1992-ல் போட்ட தடை. குருமாவுக்குப் போடுகிற கசகசாவும் கூடாது! அது அங்கே போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. பாட்டிமார்கள் அன்போடு கட்டிக் கொடுக்கும் மசாலாப் பொட்டலங்களை ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

வானத்தில் ஓர் அழுகை

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் நான்கு மணி நேரத்துச் சொச்சப் பயணம். தாத்தாவுக்கு ஒரு வாரம்.

பாப்பா ஏறியதும் ஜன்னலைப் பார்த்தாள். "வீடெல்லாம் குட்டியாயிடுச்சு" என்றாள். பிறகு தூங்கிவிட்டாள். "பார்த்தாயா, குழந்தை எவ்வளவு சமர்த்து!" என்று நான் மனைவியிடம் பெருமை பேசினேன்.

இறங்கும் நேரம் வந்தது. காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள் பாருங்கள்! விமானம் முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. மனைவிக்கும் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கைகால் ஓடவில்லை.

முன் வரிசையில் ஒரு பாட்டி இருந்தார். மகளின் பிரசவத்துக்காகப் போகிறவராம். ஏற்கெனவே நாலைந்து தடவை போய்வந்தவர். "தண்ணியை மடக்கு மடக்காக் கொடும்மா. முழுங்க முழுங்கக் காது விட்டுடும்" என்றார். கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது.

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காற்றழுத்தம் மாறுகிறது. காதுக்குள் அழுத்தம் சமன் ஆகாவிட்டால் வலிக்கும். பெரியவர்கள் எச்சில் விழுங்கிச் சமாளித்துக்கொள்வோம். குழந்தைக்கு அது தெரியாது. இறங்குவதற்கு அரை மணிக்கு முன்பே குழந்தையை எழுப்பிவிடுங்கள். பாலோ தண்ணீரோ குடிக்கக் கொடுங்கள். எனக்கு இதை முன்பே யாரும் சொல்லவில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

பதினான்கும் ஆறும்

நான் ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தேன். ஐந்து நாள், பதினான்கு இடம். காலை எட்டு மணிக்குக் கிளம்புவது, இரவு பத்து மணிக்குத் திரும்புவது. அலுவலகத்தில் எல்லோரும் பட்டியலைப் பாராட்டினார்கள்.

முதல் நாளே பட்டியல் கவிழ்ந்தது.

சிங்கப்பூர்க் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. நமக்குக் காலை ஏழு மணி என்றால் அங்கே ஒன்பதரை. பாப்பாவின் வயிற்றுக்கும் தூக்கத்துக்கும் இது தெரியுமா? ஒன்பதரைக்குத்தான் கண் விழித்தாள். இட்லி சாப்பிட்டு முடிக்கப் பத்தரை ஆயிற்று. சிராங்கூன் சாலைப் பக்கம் தங்கியிருந்ததால் இட்லிக்குப் பஞ்சம் இல்லை.

வெளியே வந்து ரெயிலில் ஏறினோம். சிங்கப்பூரில் ஆட்சி மொழிகள் நான்கு. அதில் தமிழும் ஒன்று. ரெயில் நிலையங்களில் பெயர்கள் தமிழிலும் எழுதியிருக்கின்றன. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள்கூடத் துணிந்து போய்வரலாம். 90 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்கு டிக்கெட்டு இல்லை.

பாப்பா பிஸ்கட் கேட்டாள். மனைவி எடுத்துக் கொடுக்கப் போனாள். எதிரே இருந்த ஓர் அம்மாள், "தங்கச்சி, ரெயில்ல சாப்பிடக் கூடாது. தண்ணிகூடக் குடிக்கக் கூடாது. 500 வெள்ளி வரைக்கும் அபராதம் போடுவாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். டாலரை அங்கே நம் தமிழர்கள் வெள்ளி என்கிறார்கள். பிஸ்கட் பைக்குள் போயிற்று. குழந்தைக்குப் பசியாற்றிவிட்டு ரெயில் ஏறுங்கள்.

சிங்கத் தலையும் மீன் உடலுமாக நிற்கிறதே, அந்த மெர்லயன் சிலையைப் பார்க்கப் போனோம். 1972-ல் வைத்த சிலை. உயரம் 8.6 மீட்டர். வாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. உலகமெல்லாம் படத்தில் பார்க்கும் சிலை. பாப்பா பார்த்தாள்.

"அம்மா, சிங்கம் வாந்தி எடுக்குது!" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீழே ஓடிய ஓர் எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் நாள் மண்டாய் மிருகக்காட்சிசாலை. 1973-ல் திறந்தது. பெரும்பாலும் கூண்டு வைக்காமல், அகழியும் மரமும் தண்ணீருமாகப் பிரித்து மிருகங்களை வைத்திருக்கிறார்கள். ஒராங்குட்டான் குரங்குகள் தலைக்கு மேலே மரக்கிளையில் நடக்கின்றன. பாப்பா முதலில் பயந்தாள். பிறகு கை தட்டினாள்.

பக்கத்திலேயே இரவில் மட்டும் திறக்கும் காட்சிசாலை ஒன்று இருக்கிறது. 1994-ல் தொடங்கியது. இருட்டில் மிருகங்களைப் பார்க்கலாம். அதற்கும் ஊரிலிருந்தே டிக்கெட்டு எடுத்து வைத்திருந்தேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாப்பா தள்ளுவண்டியில் தூங்கிவிட்டாள். எழுப்பினோம். அழுதாள். மறுபடியும் எழுப்பினேன். மறுபடியும் அழுதாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "டிக்கெட்டுப் பணம் போச்சு. அம்மா சொன்ன மாதிரி விட்டுட்டே வந்திருக்கலாம்" என்று கத்திவிட்டேன்.

மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏங்க, நாம புள்ளையோட இருக்க வந்தோமா? டிக்கெட்டுக்கு வேலை செய்ய வந்தோமா?"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று இரவு பட்டியலை எடுத்தேன். ஒவ்வொன்றாக அடித்தேன். கடைசியில் பதினான்கு இடத்தில் ஆறு இடம்தான் பார்த்தோம். மூன்றாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஓரிரு இடம்தான் வைத்துக்கொண்டோம். அந்த நாட்கள்தான் நன்றாக இருந்தன.

மூன்றாம் நாள், கடலோரப் பூந்தோட்டத்தில் குழந்தைகளுக்கென்று இருக்கும் பகுதிக்குப் போனோம். அதற்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. தரையிலிருந்து தண்ணீர் பீறிட்டு வருகிறது. குழந்தைகள் நனைந்து விளையாடுகிறார்கள். ஒரு சீனக் குழந்தையும் ஒரு மலாய்க் குழந்தையும் பாப்பாவோடு சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாது. இரண்டு மணி நேரம் விளையாடினார்கள். மாற்றுத் துணி கொண்டுபோயிருந்ததால் தப்பித்தோம்.

நான்காம் நாள் காலை சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோவில். 1827-ல் ஏற்பட்ட கோவில். அந்த ஊரில் மிகப் பழமையான இந்துக் கோவில் அதுதான். தாத்தா அங்கே போயிருப்பார் என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார். ஓர் அர்ச்சனை செய்தோம்.

துறைமுகத்தில்

அன்று மாலையே துறைமுக ஓரமாகப் போனோம்.

தாத்தா எந்த இடத்தில் மூட்டை தூக்கினார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் அந்த இடம் இப்போது அப்படி இருக்காது. மூட்டை போய்ப் பெட்டகம் வந்துவிட்டது. தஞ்சோங் பகார் பகுதியில் இருந்த துறைமுக வேலைகளைத் துவாஸ் என்ற இடத்துக்கு மாற்றி வருகிறார்கள். அங்கே 2022-ல் புதிய துறைமுகத்தைத் திறந்துவிட்டார்கள்.

கரையில் நின்று அப்பாவுக்குப் போன் செய்து படத்தோடு காட்டினேன். கப்பல்களைக் காட்டினேன். அப்பா வெகு நேரம் பேசவில்லை.

"பாப்பா எங்கேடா?" என்றார்.

நடந்து களைத்துப்போய் அவள் என் தோளில் உட்கார்ந்திருந்தாள். போனைத் தூக்கிக் காட்டினேன். "தாத்தா, பெரிய்ய கப்பல்!" என்று கத்தினாள்.

அப்பா சிரித்தார். பிறகு, "சரி சரி, வெயில்ல நிக்காதீங்க" என்று போனை வைத்துவிட்டார். அங்கே அப்போது வெயிலே இல்லை.

நினைவு இருக்காதே!

"இவ்வளவு செலவு செய்கிறீர்களே, குழந்தைக்கு நினைவு இருக்குமா?" என்பது பெரிய கேள்வி.

இருக்காது. மூன்று வயதுக்கு முன்னால் நடந்தவை பெரும்பாலும் வளர்ந்த பிறகு நினைவில் தங்குவதில்லை என்று மனநூல் அறிஞர்களும் சொல்கிறார்கள். பாப்பா பெரியவள் ஆனதும் சிங்கத்தையும் மறந்துவிடுவாள். ஒராங்குட்டானையும் மறந்துவிடுவாள்.

என் சொந்தக் கதை ஒன்று சொல்கிறேன். நான் பிறந்தது 1988-ல். தாத்தா இறந்தது 1991-ல். எனக்கு அப்போது மூன்று வயது. தினமும் சாயங்காலம் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றுவாராம். கடைத்தெருவில் யார் கேட்டாலும், "இவங்கப்பனைத் தூக்கத்தான் எனக்குக் கொடுத்துவைக்கலே" என்பாராம்.

எனக்கு அது ஒன்றும் நினைவில்லை. தாத்தாவின் முகத்தைப் படத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதனால் அவர் என்னைத் தூக்கியது வீண் என்று சொல்வீர்களா?

குழந்தைக்கு ஊட்டிய சோறும்தான் அதற்கு நினைவிருப்பதில்லை. அதற்காக ஊட்டாமல் இருக்கிறோமா? அந்தச் சோற்றில்தான் உடம்பு வளர்கிறது. கூட இருந்த நாட்களில் மனசு வளர்கிறது. இது என் கட்சி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழந்தைக்கு நினைவில்லாமல் போகலாம். பெற்றவர்களுக்கு நினைவிருக்கும். திருச்சியில் நான் காலையில் வேலைக்குப் போகும்போது பாப்பா தூங்கிக்கொண்டிருப்பாள். இரவு திரும்பும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். நான் ஊரிலேயே இருந்துகொண்டு ஒரு சிங்கப்பூர்த் தாத்தாவாக இருந்திருக்கிறேன்! ஐந்து நாள் முழுக்க அவளோடு இருந்தபோதுதான், அவளுக்கு எறும்பு பிடிக்கும் என்பதே எனக்குத் தெரிந்தது.

கடன் வேண்டாம்

செலவைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். மூன்று பேருக்கும் விமானம், ஓட்டல், விசா, சாப்பாடு, சுற்றிப் பார்த்தது எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1 லட்சத்து 42 ஆயிரம் ரூபாய் ஆயிற்று. மாதம் 7,500 ரூபாய் வீதம் இருபது மாதம் சீட்டுக் கட்டினோம். கடைசியில் எடுத்தோம். கடன் இல்லை.

இப்போது, "முதலில் போய்வாருங்கள், பிறகு தவணையில் கட்டுங்கள்" என்று போனிலேயே ஆசை காட்டுகிறார்கள். வேண்டாம். ஐந்து நாள் சந்தோஷத்துக்கு இரண்டு வருடம் வட்டி கட்டினால், வீட்டில் சண்டை வரும். சண்டை நடக்கும் வீட்டில் குழந்தைக்கு எந்த ஊரைக் காட்டி என்ன பயன்? பணம் சேரவில்லையானால் தரங்கம்பாடிக்குப் போங்கள். அங்கேயும் கடல் இருக்கிறது. எறும்பும் இருக்கிறது.

குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றாலும் பிடிவாதம் பிடிக்காதீர்கள். பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

கணவனும் மனைவியும் தனியாக இரண்டு நாள் போய்வருவது பாவம் என்றும் நான் சொல்லவில்லை. பாட்டி வீட்டில் குழந்தை இருப்பது நல்லதுதான். அதற்கு வேறு சமயம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு குடும்பம் தன் முதல் வெளிநாட்டுப் பயணத்துக்குக் காசு சேர்த்துக் கிளம்புகிறதென்றால், அதில் ஆளைக் குறைக்காதீர்கள். இடத்தைக் குறையுங்கள்.

பதினான்கு இடம் என்றால் ஆறாக்குங்கள். காலையில் ஒன்று பாருங்கள். மத்தியானம் தூங்க வையுங்கள். சாயங்காலம் ஒரு பூங்காவில் ஓடவிடுங்கள். டிக்கெட்டுகளை முன்கூட்டியே வாங்கிக் குவிக்காதீர்கள். குழந்தையின் கையில் உங்கள் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டுங்கள். தள்ளுவண்டி கொண்டுபோங்கள். பெரும்பாலான விமானக் கம்பெனிகள் அதற்குக் காசு கேட்பதில்லை. காரில் போவதாயிருந்தால் ஒன்று கவனியுங்கள். 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும் என்பது சிங்கப்பூர்ச் சட்டம். டாக்சிக்கு விலக்கு உண்டு. போனில் கூப்பிடும் தனியார் வாடகைக் காருக்கு விலக்கு இல்லை.

படம் எடுங்கள். ஆனால் குழந்தையைப் படத்துக்காக நிறுத்தி நிறுத்தி அழவைக்காதீர்கள்.

திரும்பி வந்தோம்

ஐந்தாம் நாள் விமான நிலையத்திலேயே ஒரு பெரிய நீர்வீழ்ச்சியைப் பார்த்தோம். கட்டடத்துக்குள் 40 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. 2019-ல் திறந்தது. அதுதான் எங்கள் ஆறாவது இடம். பாப்பா அதையும் ஒரு நிமிடம் பார்த்தாள். தானாகத் திறந்து மூடும் கண்ணாடிக் கதவை இருபது நிமிடம் பார்த்தாள். இந்தத் தடவை நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அவளை மடியில் உட்கார வைத்துக்கொண்டார். அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாப்பா, சிங்கப்பூர்லே என்ன பார்த்தே?" என்று அப்பா கேட்டார்.

சிங்கம் சொல்வாள், குரங்கு சொல்வாள் என்று நாங்கள் காத்திருந்தோம். பாப்பா கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அப்பா தோள்ல உக்காந்து போனேன் தாத்தா" என்றாள்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் வாங்கி வந்த கோடாலித் தைலத்தை எடுத்து முழங்காலில் தேய்க்க ஆரம்பித்தார். வெகு நேரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாதான் கடைசியில் பேசினார். "அடுத்த தடவை போனா என்னையும் கூட்டிக்கிட்டுப் போ. புள்ளையைப் பார்த்துக்க ஆள் வேணாமா?" என்றார்.

பத்தாவது ஆளாக யாராவது என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால், இப்போது பதில் தயாராக இருக்கிறது.

மூன்று வயதுக் குழந்தைக்குச் சிங்கப்பூர் எதற்கு? குழந்தைக்குச் சிங்கப்பூர் வேண்டியதில்லை. அதற்கு அப்பாவும் அம்மாவும் வேண்டும். அவர்கள் சிங்கப்பூரில் இருந்தால் குழந்தையும் சிங்கப்பூரில் இருக்கட்டுமே!